மரக்கல வாகடத்தின் கடைசி எட்டு வரி

ஜொகூர் பாரு ரயிலடிக்குப் பக்கத்தில் நைனா முகம்மது சாப்பாட்டுக்கடை போட்டது 1919-ல். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதி வந்தது. எழுதியவன் கடைப் பெயரைத்தான் எழுதினானா, தன் மாமனார் பெயரை எழுதி வைத்தானா, யாருக்குத் தெரியும்? நைனாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கீழக்கரையில் ஓதுகிற பள்ளியோடு அவர் படிப்பு முடிந்துவிட்டது. அங்கே கற்ற அரபு எழுத்தில் தமிழை எழுதுவார், வாசிப்பார். அவர் வீட்டுக் கடிதாசிகள் எல்லாம் அப்படித்தான் கப்பலில் போய்வந்தன. மற்றபடி தமிழ் எழுத்து அவருக்கு வெறும் வளைவும் சுழியும்தான்.

அதனால் பலகையை மாட்டாமல் சுவரோடு சாய்த்து வைத்தார். முதலில் ஒரு தபால்காரரைப் படிக்கச் சொன்னார். அவர் போனதும் செனாயிலிருந்து வந்த ஒரு தோட்டத்துக் கங்காணியைப் படிக்கச் சொன்னார். சாயங்காலம் ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியாரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்தார்கள். அதற்கப்புறம்தான் ஏணி எடுத்தார். இந்தக் கதையை ஊரே சொல்லிச் சிரித்தது. நைனா கண்டுகொள்ளவில்லை. சிரிக்கிறவன் எவனும் வந்து பலகையைச் சரிபார்த்துத் தரப்போவதில்லை.

ஒரு தெரு தள்ளி அச்சுக்கூடம் வைத்திருந்தவர் பெர்னார்ட். செடெனாக் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகன். சிங்கப்பூரில் படித்து, மதராஸுக்குப் போய்ப் பட்டம் வாங்கி, சில வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி, அதையும் விட்டுவிட்டு அச்சுக்கூடம் போட்டவர். ஊருக்கு அவர் மாஸ்டர்தான். கல்யாணப் பத்திரிகையும் கடை பில்லும் தோட்டத்தில் ஆள்கணக்குப் பதிகிற செக்ரோல் புத்தகமும் அச்சடிப்பார். அதில் வருவதை வைத்துப் பழைய நூல்களைத் தேடிப்பிடித்து அச்சடிப்பார். அந்த நூல்களை வாங்க ஆள் கிடையாது. அலமாரியில் அடுக்கிக் கிடக்கும். விலை போகாத சரக்கை மேலும் மேலும் செய்கிறவனிடம் என்னவோ இருக்கிறது என்று நைனா நினைத்தார். என்ன என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

1929-ல் லாபிஸில் கடை வைத்திருந்த ஜெய்னுலாபுதீன் மௌத்தானார். நைனாவுக்கு ஒன்றுவிட்ட மாமா. பிள்ளை குட்டி இல்லை. சாமான்களை ஒழுங்கு செய்ய நைனா ரயிலேறிப் போனார். ஒரு தகரப்பெட்டியில் பழுத்த காகிதக் கட்டு ஒன்று இருந்தது. தலைப்பில் பிஸ்மி. உள்ளே முழுக்க அரபு எழுத்தில் தமிழ்ப் பாட்டு. பாய்மரக் கப்பலில் போகிறவர்களுக்கு வருகிற நோய்களும் அதற்கு மருந்தும். பெயர் மரக்கல வாகடம்.

பெட்டி கடைக்கு வந்தது. வாய்ப்புண் என்று முனகிய ஒரு வாடிக்கைக்காரருக்கு ஒருநாள் அதிலிருந்து நாலு வரி வாசித்துக் காட்டினார் நைனா. பக்கத்து மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த மாஸ்டர் கையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

"பாய், இதை எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களா?"

"எதுக்கு?"

"அச்சடிக்கிறதுக்கு."

"யாரு வாங்குவா?"

"யாரும் வாங்கமாட்டாங்க."

இந்தப் பதில் நைனாவுக்குப் பிடித்திருந்தது. உண்மையாக இருந்தது.

அன்றைக்குத் தொடங்கிய வேலை இரண்டு வருஷம் ஓடியது. மதிய லுஹர் தொழுகைக்கும் மாலை அஸர் தொழுகைக்கும் நடுவில் கடை ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் நைனா ஒரு பாட்டை மூன்று தரம் வாசிப்பார். பள்ளியில் ஓதிப் பழகிய ராகம், உடம்பு முன்னும் பின்னும் ஆடும். மாஸ்டர் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். மாஸ்டருக்கு அரபு எழுத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. இத்தனை தரம் வாசித்ததில் நைனாவுக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. வெங்காயம் உரிக்கும்போதுகூட அவர் வாய் அதையே முணுமுணுத்தது.

1932 தொடக்கத்தில் புத்தகம் வந்தது. மாஸ்டர் ஒரு பிரதியையும், பழைய கட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"வேலை முடிஞ்சிருச்சு பாய். இனிமே இது அச்சுல நிக்கும்."

நைனா கட்டைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு வருஷம் புரட்டியதில் பாதித் தாள்கள் நொறுங்கியிருந்தன. மை தின்ற இடமெல்லாம் ஓட்டை. துண்டுகள் தரையில் உதிர்ந்தன. அவற்றில் அல்லாவுடைய பேர் இருக்கிறது. கால்பட விடலாமா? வேலையும் முடிந்தது என்று படித்த மனிதரே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கைகால் கழுவி ஒளு செய்து, கட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, கல் கட்டி, ஒரு மலாய்க்காரருடைய சம்பானில் ஏறிப் போய் நடு நீரிணையில் மெதுவாக இறக்கினார். தங்கள் ஆட்கள் செய்கிற முறை அதுதான் என்று படகுக்காரரிடம் சொன்னார். படகுக்காரரும் தலையாட்டினார். அவர்கள் முறையும் அதுதான்.

நாலு மாதம் கழித்து மாஸ்டர் ஒரு கடிதத்தோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நைனா பார்த்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு புதிய சர்வகலாசாலையில் தமிழ் ஆராய்ச்சிக்குத் தலைவர் தேடுகிறார்களாம். மாஸ்டர் பெயரைத் தேர்வுக் குழுவில் எடுத்திருக்கிறார்களாம். ஒரு சிக்கல். மதராஸ் பத்திரிகை ஒன்றில் எவனோ எழுதிவிட்டான், மரக்கல வாகடம் என்று ஒரு சுவடியே கிடையாது, பதிப்பித்தவர் தாமே கட்டிய பாட்டு என்று.

"அதனால குழுவுல இருந்து ராஜசேகரன்னு ஒருத்தர் வர்றார். சிங்கப்பூர்ல அவருக்கு ஏதோ சொற்பொழிவு இருக்கு. வர்ற புதன்கிழமை பாலத்தைத் தாண்டி இங்க வந்து மூலத்தைக் கண்ணால பாக்கப்போறார். பார்த்தா வேலை எனக்கு. எடுங்க பாய் பெட்டியை."

"பெட்டி இருக்கு. கட்டு இல்லை."

"எங்க?"

"தண்ணியில விட்டாச்சு."

மாஸ்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மறுபடி எழுந்தார்.

"எந்தத் தண்ணியில?"

"அதோ தெரியுதே, அந்தத் தண்ணியில. உடைஞ்சுபோன தாளு மாஸ்டர். காலடியில கிடக்கலாமா? கௌரவமாத்தான் விட்டேன்."

"அலமாக்! இருபது வருஷம் பாய்! இருபது வருஷமா ஒரு நல்ல இடத்துக்காக நான் அலையுறேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"நீங்கதான வேலை முடிஞ்சிருச்சுன்னீங்க."

"அச்சு வேலை முடிஞ்சுதுன்னேன். மூலத்தை யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?"

"தூக்கிப் போடலை. இறக்கினேன்."

இதற்குமேல் என்ன பேசுவது? மாஸ்டர் கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு நைனாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாய், உங்களுக்கு அத்தனையும் மனப்பாடம். அரபு எழுத்தும் கைவசம். என்கிட்ட பழைய காகிதம் கிடக்கு. புதன்கிழமைக்குள்ள எழுதிடலாம். உங்க அடுப்பு மேல ரெண்டு நாள் புகை காட்டினா நூறு வருஷத்து நிறம் வந்துடும். பொய்யான நூல் இல்லையே இது. இருந்ததைத்தான் திரும்ப எழுதறோம்."

நைனா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை நாள் புகை காட்டணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் கையிலிருந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்த வேலைக்கு நான் வரமாட்டேன். வர்றவர்கிட்ட நடந்ததைச் சொல்றேன். தண்ணியில விட்டது நானு. படிச்சுக் காட்டினதும் நானு. அது போதும்."

"போதாது பாய். உங்க வார்த்தைய யார் நம்புவாங்க?"

"நான் யாரையும் நம்பறதில்ல. என்னை யாரும் நம்பலேன்னா எனக்குக் கோவம் வராது."

வீட்டில் மனைவி மைமூனிடம் சொன்னபோது அவள் மீன் அரிவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏன் மச்சான், பலகையை மூணு பேருகிட்ட காட்டிச் சரிபார்த்தீங்க. அந்தக் கட்டைத் தண்ணியில விடறதுக்கு முந்தி ஒரு ஆளுகிட்டயாவது கேட்டீங்களா?"

"அது தீனு விஷயம். மார்க்கத்துல உள்ளது."

"தீனு விஷயமாம். பாவம், அந்த மனுஷன் பொழப்பு முங்கிப்போச்சு. போய் நல்லபடியாச் சொல்லிட்டு வாங்க. குறுக்கே நின்னு வம்பு பேசாதீங்க."

"நான் எப்ப வம்பு பேசினேன்?"

மைமூன் மீன் தலையைச் சட்டியில் போட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு ராஜசேகரன் வந்தார். ஒல்லியான ஆள். மூடிய கழுத்துக் கோட்டு, ஜரிகை இல்லாத தலைப்பாகை. அச்சுக்கூடத்தில் மாஸ்டர் கோப்பி வரவழைத்து வைத்திருந்தார். வந்தவர் அதைத் தொடவில்லை. நைனாவுக்கு அது பிடித்தது. தானும் வேற்றிடத்தில் சட்டென்று எதையும் குடிப்பதில்லை.

நைனா எதையும் மறைக்கவில்லை. லாபிஸில் பெட்டி எடுத்தது முதல் சம்பான் ஏறியது வரை சொன்னார். ராஜசேகரன் முழுவதும் கேட்டார்.

"நீங்க யாருன்னு சொன்னீங்க?"

"நைனா முகம்மது. சாப்பாட்டுக்கடை."

"பதிப்புரையில உங்க பேரைக் காணோமே. அரபு எழுத்துச் சுவடியைத் தம் சொந்த முயற்சியால வாசிச்சு எடுத்ததா மிஸ்டர் பெர்னார்ட் எழுதியிருக்கார்."

நைனா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மேசை மேல் கிடந்த ஈய எழுத்தொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது" என்றார் நைனா. "அவரு என்ன எழுதினாரோ."

"தமிழ் எழுத்தே தெரியாதா?"

"என் கடைப் பலகையே எனக்குத் தெரியாது. வெளிய போய் யாரை வேணும்னாலும் கேளுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க."

அச்சுக்கோக்கிற மணியம் அந்தப் பக்கத்திலிருந்து, "நிஜம்தாங்க ஐயா. பலகைக் கதை இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

ராஜசேகரன் தாடையைத் தடவினார். பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

"அச்சுப் புத்தகத்தைப் பார்த்து நீங்க மனப்பாடம் பண்ணியிருக்க முடியாது. அப்படித்தானே? சரி. நாற்பதாவது பாட்டைச் சொல்லுங்க."

"நம்பரெல்லாம் தெரியாது. முதல்ல இருந்துதான் வரும். நடுவுல நிறுத்தினா மறுபடியும் முதல்ல இருந்து. ஓதிப் பழகினது அப்படி."

"முதல்லேருந்தே சொல்லுங்க. எனக்கு ரயில் நாலு மணிக்குத்தான்."

நைனா தொண்டையைச் செருமினார். உடம்பு தானாக ஆடத் தொடங்கியது.

"கடலே வீடாய்க் கிடப்போர்க்குக் காயும் உடலின் குறைசொல்வேன்..."

ராஜசேகரனுடைய விரல் அச்சு வரியின் மேல் ஊர்ந்தது. பத்துப் பாட்டு ஆனதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பதாவது பாட்டில் மாஸ்டர் ஒரு சொல்லை வேறு மாதிரி எழுதியிருந்தார் போலிருக்கிறது. ராஜசேகரன் கையைக் காட்டினார். நைனா நிறுத்தவில்லை. நிறுத்தினால் முதலிலிருந்து அல்லவா? வந்தவர் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அச்சு இயந்திரத்தை மணியம் நிறுத்திவிட்டான். வாந்திக்கு மருந்து, பல்லில் ரத்தத்துக்கு மருந்து, உப்புநீர்ப் புண்ணுக்கு மருந்து, வெயிலில் கண் மங்கினவனுக்கு மருந்து. மாஸ்டர் முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நூற்றைம்பது தாண்டியபோது ராஜசேகரன் மாஸ்டரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். வேலை கிடைத்துவிட்ட மாதிரிதான்.

இருநூற்றுப் பத்து முடிந்தது. ராஜசேகரன் புத்தகத்தை மூடப்போனார். நைனா போய்க்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் இருமினார். பிறகு பலமாக இருமினார். நைனா அவர் பக்கம் திரும்பினார். மாஸ்டருடைய கை மேசைக்குக் கீழே போதும் போதும் என்று ஆடியது. வந்தவருடைய விரலோ அச்சுப் பக்கத்தின் அடியில், வரி இல்லாத வெள்ளை இடத்தில் நின்றது. நைனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் சொல்வது அந்தப் புத்தகத்தில் இல்லை. தான் வாசிக்க, மாஸ்டர் கையால் எழுதிக்கொண்ட வரிகள்தான் அவை. அச்சில் போடவில்லை.

நிறுத்தியிருக்கலாம். மைமூன் சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் இருநூற்றுப் பத்துப் பாட்டைச் சொல்லிவிட்டுக் கடைசியை விழுங்குவது எப்படி? முடிவில் "தம்மத்" என்று சொல்லாமல் எந்த ஏட்டையும் அவர் மூடியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மீதி எட்டு வரியையும் சொன்னார். கடைசிப் பாட்டு இது:

"கருவா டுவிற்ற வெள்ளையம்மா
கையால் தந்த மருந்தெல்லாம்
மறவா திருக்க எழுதிவைத்தேன்
மையே எனது சொல்அவளதே."

"தம்மத்" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போயிருந்த கோப்பியைத் தாமே எடுத்துக் குடித்தார்.

ராஜசேகரன் புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினார்.

"மிஸ்டர் பெர்னார்ட், முன்னுரையில இந்த மருந்து முறை சித்தர் பரம்பரையில வந்ததுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"இந்த எட்டு வரியும் உங்ககிட்ட இருந்துச்சா?"

மாஸ்டர் பொய் சொல்லப் பார்த்தார். நைனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் அது வரவில்லை.

"இருந்துச்சு. கருவாட்டுக்காரி சொன்ன வைத்தியம்னு போட்டா அங்க யாரு மதிப்பாங்க ஐயா? நூலுக்கு ஒரு மரியாதை வேணும்னுதான்..."

"சாப்பாட்டுக்கடைக்காரர் படிச்சுக் காட்டினார்னு போட்டாலும் மதிக்கமாட்டாங்க. அதானே?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

வந்தவர் புத்தகத்தைப் பையில் வைத்தார். போகும்போது நைனாவிடம், "சுவடி இருந்துச்சுன்னு எழுதுவேன். அதுல சந்தேகம் இல்ல. மத்ததையும் எழுதுவேன்" என்றார்.

"எழுதுங்க லா. நான் என்ன படிக்கவா போறேன்?" என்றார் நைனா.

அவர் போனபின் மாஸ்டர் வாசலில் நின்று, "கடைசியில என்னைக் கவுத்திட்டீங்களே பாய்" என்றார்.

"கவுத்தலை. எல்லாத்தையும் சொன்னேன். உங்களைக் காப்பாத்தினதும் அதே வாய்தான்."

இரண்டு பேரும் ஒன்றரை மாதம் பேசிக்கொள்ளவில்லை. மாஸ்டர் ரொட்டி தின்ன வேறு கடைக்குப் போனார். அந்தக் கடை ரொட்டி தோல் மாதிரி இருக்கும் என்பது நைனாவுக்குத் தெரியும். அதில் ஒரு திருப்தி.

பிறகு ஒருநாள் லுஹர் முடிந்த நேரத்தில் மாஸ்டர் வந்து பழைய மேசையில் உட்கார்ந்தார். கையில் ஒரு கடிதமும் ஒரு அச்சுத் தாளும்.

"ஆராய்ச்சித் தலைவர் வேலை இல்லைன்னுட்டாங்க" என்றார்.

நைனா கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரிஜிஸ்திரார் வேலை தர்றாங்க. சர்வகலாசாலை ஆபீஸ் முழுக்க என் கையில. பரீட்சை, கட்டடம், அச்சகம், சிப்பந்திகள். ராஜசேகரன் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? சுவடியில கை வைக்கிறவரைச் சுவடிக்குப் பக்கத்துல விடக்கூடாதாம். ஆனா யாரும் வாங்காத நூல்களைப் பதினைஞ்சு வருஷம் விடாம அச்சடிச்சவர் ஒரு ஆபீஸை நல்லாவே நடத்துவாராம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார்."

"போறேன்னு எழுதிட்டேன். அடுத்த மாசம் கப்பல்."

மாஸ்டருடைய குரலில் சந்தோஷமும் இல்லை, பெரிய துக்கமும் இல்லை. தேடியது ஒன்று, கிடைத்தது பக்கத்தில் இருந்த இன்னொன்று. முடியாது என்று சொல்லிவிட்டு மறுபடி கல்யாணப் பத்திரிகை அடிக்க அவருக்கு மனசில்லை.

"ஒரு நிபந்தனை. விக்காம இருக்கற எல்லாப் பிரதியிலயும் அந்த எட்டு வரியை அச்சடிச்சு ஒட்டணும்."

"விக்காம எத்தனை இருக்கு?"

"அனேகமா எல்லாம்."

நைனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். மாஸ்டர் அச்சுத் தாளை மேசை மேல் வைத்து இரண்டு கையாலும் நீவிவிட்டார்.

"இதுதான் அந்தத் தாளு. மேல எட்டு வரி. கீழ, படிச்சுக் காட்டினவர் ஜொகூர் பாரு நைனா முகம்மதுன்னு போட்டிருக்கேன். அது அவங்க கேட்டது இல்ல. நானாப் போட்டது."

"அப்படியா" என்றார் நைனா.

எழுந்து வந்து தாளை எடுத்தார். வளைவும் சுழியும். தலைகீழாகப் பிடித்திருக்கிறாரா என்றுகூட அவருக்குத் தெரியாது. மூலை மேசையில் சோறு தின்றுகொண்டிருந்த ரயில்வே ஆளிடம் கொண்டுபோனார். அவர் இடது கையால் வாங்கிப் படித்தார். பிறகு வாசலில் நின்ற ஒரு தபால்காரரிடம் போனார். அவரும் படித்தார்.

மாஸ்டர் மேசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தண்ணீர்கூட வைக்கப்படவில்லை. இன்னும் ஒரு ஆள் வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பலகைக் கதை தெரியாதவர் ஊரில் யார்?

கால் மணி நேரம் கழித்து மூன்றாவது ஆள் வந்தார். தோமஸ் என்று மாதாகோயிலில் ஊழியம் பார்க்கும் ஒரு கோயில் பிள்ளை, வெயிலில் வேர்த்து வந்தவர். உட்காருவதற்கு முன்னமே தாள் அவர் கையில் திணிக்கப்பட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அவர் உரக்கப் படித்தார். கருவாடு விற்ற வெள்ளையம்மா வந்தாள். மை வந்தது, சொல் வந்தது. கடைசியில் நைனா முகம்மது வந்தார்.

நைனா தாளை வாங்கி நாலாக மடித்து, லாபிஸிலிருந்து வந்த அந்தக் காலித் தகரப்பெட்டியைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"மாஸ்டருக்கு ஒரு கோப்பி. கட்டியா."